கேட்டுக்கொண்டு நடந்த பாதை

ஆர்டிஸ் கார்வருக்கு மரியாதை தெரியும். அவளைக் கவிழ்த்தது அதுதான். குடியோ வாய்க்கொழுப்போ கவிழ்த்திருந்தால் ஊரில் நாலு பேர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லித் திருப்திப்பட்டிருப்பார்கள். அதற்குக்கூட வழியில்லாமல் போயிற்று.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கிழக்குக் கரையில், கடல் தினமும் இரண்டு தடவை வற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றைக் காட்டும் ஊரில் அவள் பிறந்தாள். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் மட்டிச் சிப்பிகளைத் தோண்டப் போனாள். இடுப்பளவு ரப்பர் பூட்ஸ், குட்டைப் பிடி போட்ட முள்கொத்தி, ஒரு மரக்கூடை. முழங்கால் ஆழச் சேற்றில் நின்று, இரண்டாக மடிந்து, கடல் திரும்பி வரும்வரை கொத்திக் கொத்திப் புரட்ட வேண்டும். வேலை நேரத்தைக் கடல்தான் சொல்லும். அது அதிகாலையில் வற்றினால் அதிகாலையில் போக வேண்டும், கிறிஸ்துமஸ் மத்தியானம் வற்றினால் கிறிஸ்துமஸ் மத்தியானம். அறுபதைத் தாண்டிய பிறகு ஆர்டிஸால் நிற்கும்போதுகூட முழுசாக நிமிர முடியவில்லை. "நான் பூமியைப் பாத்துக்கிட்டே பேசறேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று புதிதாகப் பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

புருஷன் ராய், சிங்கி இறால் பிடிக்கிறவன். சிகரெட்டும் நெஞ்சுவலியும் சேர்ந்து அவனைச் சின்ன வயதிலேயே கொண்டுபோயின. ஒரே மகள் லோரீன், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். ஆலையை மூடினார்கள். அவளும் அம்மாவோடு சேற்றில் இறங்கினாள். தாயும் மகளும் ஒரே வீடு, ஒரே லாரி, ஒரே தொழில்.

அந்தச் சேறு யாருடையது என்று கேட்டால் சிரிப்பு வரும். கடல் வற்றும்போது தெரிகிற தரை கரைக்காரனுக்குச் சொந்தம். ஆனால் மீன் பிடிக்கவும் பறவை சுடவும் படகு விடவும் எவன் வேண்டுமானாலும் அதில் இறங்கலாம். மட்டி தோண்டுவதும் மீன்பிடிப்புக் கணக்கில்தான் வரும். வெள்ளைக்காரன் வந்து குடியேறிய காலத்து ஏற்பாடு அது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வாத்து சுடப் போகிறவனுக்கு உரிமை உண்டு, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கப் போகிறவனுக்குக் கிடையாது. இப்படியெல்லாம் சேற்றுக்கு யோசித்தவர்கள், சேறுவரை போகும் வழிக்கு யோசிக்கவில்லை. கரைக்குமேல் அவனவன் நிலம் அவனவனுக்கு.

ஆர்டிஸ் வீட்டுத் தபால் பெட்டிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், எல்டன் ஸ்ட்ரௌட்டின் நிலம். அதற்குள் ஒரு ஒற்றையடிப் பாதை. எல்டனின் சமையலறைக் கதவையும் பழைய கொட்டகையையும் தாண்டி, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே இறங்கினால் சேறு. பத்து நிமிஷ நடை. அந்தப் பாதை இல்லையென்றால் லாரியில் ஊர்த்துறைக்குப் போய், படகு வைத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். ராயின் படகு என்றைக்கோ கைமாறிவிட்டது. சுற்றி வந்து சேர்வதற்குள் கடல் பாதி திரும்பியிருக்கும்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுடப் போகிறவன்கூட, காட்டுக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவான். கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் போனால் மறுநாள் கடையில் ஒருவனும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். ஆர்டிஸ் இதில் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வொரு ஏப்ரலிலும் பனிக்கட்டி உடைந்ததும், போன கோடையில் பறித்து உறைய வைத்திருந்த ப்ளூபெரிப் பழங்களைக் கோதுமை மாவுக்குள் அடைத்து 'பை' என்கிற பலகாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு எல்டனின் சமையலறைக் கதவில் போய் நிற்பாள்.

"எல்டன், இந்த வருஷமும் அந்த வழியாப் போய்க்கட்டுமா?"

"தடுக்கறதுக்கு இங்க யாரு இருக்கா?"

"இல்ல, ஒரு வார்த்தை கேட்டுக்கணும்ல."

"அதான் கேட்டாச்சுல்ல. உள்ள வா, காப்பி ஆறுது."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வசந்தத்தில் ஆரம்பித்தது. லோரீன் கைக்குழந்தையாக இடுப்பில் இருந்தபோதும் கேட்டாள், லோரீன் உயரமாக வளர்ந்து பை தட்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்தபோதும் கேட்டாள். நாற்பது வருஷத்தில் ஒரு வருஷம்கூட விட்டதில்லை.

ராயின் தம்பி மெர்ல் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பான். அவனும் எல்டனின் நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தான், வடக்கு ஓரத்தில். முதலில் நாலு சிங்கி இறால் கூண்டுகளைப் போட்டான். பிறகு நானூறு. பிறகு ஒரு ஷெட். பிறகு ஓடாத ஒரு லாரி. யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்டன் வேலி ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

"டேய் மெர்ல்! இது உன் அப்பன் நெலமாடா? குப்பையை அள்ளிக்கிட்டு ஓடு!"

"வந்து நீயே அள்ளிப் போடேன், பாப்போம்!"

தெருவே கேட்கும். எல்டன் வழக்குப் போடுகிற ஆள் இல்லை. கத்திவிட்டு இருமிக்கொண்டே உள்ளே போய்விடுவார். ஆர்டிஸ் தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த ஏப்ரலில் மெர்லுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி இரண்டு பை சுடுவாள்.

எல்டன் ஒரு பிப்ரவரியில் செத்துப்போனார். ஃப்ளோரிடாவில் இருந்த அண்ணன் மகன் நிலத்தைப் பார்க்கக்கூட வராமல் விற்றான். வாங்கியவர் கனெக்டிகட்காரர், பெயர் விட்டேக்கர். நல்ல மனுஷன்தான், எரிச்சலே அங்கேதான். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவரோ பார்த்த முதல் நாளே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அடுத்த வாரம் பாதையின் வாயில் இரண்டு கம்பம் நட்டு ஒரு சங்கிலி போட்டார்.

ஆர்டிஸ் என்ன செய்வாள்? பை சுட்டாள். எடுத்துக்கொண்டு போய் நின்றாள். சமையலறைக் கதவு இருந்த இடத்தில் இப்போது முழுக்கக் கண்ணாடி.

"அடடா, ஆர்டிஸ், எவ்வளவு அழகா இருக்கு! நாங்க கோதுமை சாப்பிடறதில்ல. ஆனா மனசு நெறஞ்சுபோச்சு" என்று விட்டேக்கர் பையை வாங்கிக்கொண்டார். "பாதை விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். யாராவது வழுக்கி விழுந்தா எங்க தலையில விழும். இன்ஷூரன்ஸ்காரன் விடமாட்டேங்கறான். நீங்க புரிஞ்சுக்குவீங்க."

"நான் நாப்பது வருஷமா விழலையே."

"அதான் பயமா இருக்கு" என்றார், சிரித்துக்கொண்டே.

தட்டு திரும்பி வரவில்லை. லோரீன் அன்றைக்குச் சாயங்காலம் காறித் துப்பினாள். "பையை வாங்கிக்கிட்டு வழியை மறிச்சிருக்கான் பாரும்மா. நாய்க்குப் போட்டிருக்கலாம்." ஆர்டிஸ் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். தனக்கு இன்னும் எத்தனை வருஷம் குனிய முடியும் என்று அவளுக்குத் தெரியும். லோரீனுக்கு இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அவளுக்கு வேறு படிப்பும் இல்லை, வேறு வேலையும் இல்லை. விட்டுப்போவதற்கு ஆர்டிஸிடம் இருந்ததே அந்த வீடும் எதிரே இருந்த பாதையும்தான். பாதை இல்லாவிட்டால் வீடு வெறும் கூரை.

வக்கீல் கொலெட் பெல்டியேவின் அறை ஜில்லாத் தலைநகரில், ஆணி விற்கும் கடைக்கு மாடியில். ஆர்டிஸ் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். கொலெட் நடுவயசுக்காரி. எதையும் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"ஒரு வழியை இருபது வருஷம் உங்க சொந்த வழி மாதிரியே நடந்திருந்தீங்கன்னா, அது உரிமை ஆயிடும். பத்திரம் வேணாம், கையெழுத்து வேணாம். அந்த உரிமை உங்க வீட்டோட ஒட்டிக்கும். எதிர்ல எத்தனை பேரு மாறி மாறி வாங்கினாலும் ஒருத்தரும் தடுக்க முடியாது. உங்களுக்கப்புறம் உங்க பொண்ணுக்கும் அது இருக்கும்."

ஆர்டிஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "நான் நாப்பது வருஷமா நடக்கறேன்."

"மறைஞ்சு நடந்தீங்களா?"

"பட்டப்பகல்ல. எல்டன் ஜன்னல்லேர்ந்து கையாட்டுவாரு."

"விட்டு விட்டா?"

"கடல் உறைஞ்சு கெடக்கறப்ப மட்டும் போகமாட்டேன்."

"அது பரவால்ல." கொலெட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்டன் அனுமதி குடுத்தாரா?"

"பின்ன? கேக்காம அடுத்தவன் நெலத்துல கால் வைப்பனா? வருஷா வருஷம் போய்க் கேட்டுட்டுத்தான் எறங்குவேன்."

கொலெட் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மிஸஸ் கார்வர், அதுதான் வினை. அனுமதியோட நடந்தா அது உரிமை ஆகாது, நூறு வருஷம் ஆனாலும். ஒரு வார்த்தை 'போய்க்கோ'ன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நெலத்துக்காரன் இஷ்டத்துக்கு எதிரா நடந்திருக்கணும்."

"அதாவது, திருடியா நடந்திருந்தா எனக்குச் சொந்தம். மனுஷியா நடந்ததால இல்ல. அதானே சொல்றீங்க?"

"திருடன் ஒளிஞ்சு வருவான். ஒளிஞ்சு வந்தாலும் உரிமை கெடைக்காது. இதுல திமிரா வரணும்."

"நல்லா இருக்கே நியாயம்."

"யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாவம்னு வழி விட்டவன் கடைசியில நெலத்தையே இழக்கணும்னு வச்சா, அப்புறம் எவன் யாருக்கு வழி விடுவான்? எல்டன் மாதிரி ஆளுங்களைக் காப்பாத்தத்தான் இந்தச் சட்டம்."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆர்டிஸுக்குக் கசந்தது அதனால்தான். எல்டனைக் காப்பாற்ற வந்த சட்டம், எல்டன் செத்த பிறகு, எல்டனின் சமையலறையை இடித்துக் கண்ணாடி போட்டவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எல்டன் உயிரோடு இருந்தால் அந்தச் சட்டத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டிருப்பார்.

கொலெட் வழக்கை எடுத்துக்கொண்டாள். 'தடுக்கறதுக்கு யாரு இருக்கா' என்பது அனுமதியா, அல்லது உனக்கு என் அனுமதியே தேவையில்லை என்று சொன்னதா என்று வாதாடலாம் என்றாள். "மெலிசான நூல்தான். ஆனா நூல் இருக்கு."

வழக்கு விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெர்ல் வந்து சமையலறையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன். நீ கேட்டதை யாரு பாத்தா?"

"எல்டன்."

"எல்டன் எங்க?"

"கல்லறையில."

"அவன் எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப்போறானா? 'நான் கேக்கவே இல்ல, என் வழி, நான் நடந்தேன்'னு சொல்லு. பை குடுத்தியா? குடுத்தேன். எதுக்கு? அக்கம்பக்கம், அதான். முடிஞ்சுது."

"பைபிள் மேல கைய வச்சுட்டா?"

"பைபிள்ல ப்ளூபெரி பை பத்தி எங்க எழுதியிருக்கு?"

ஆர்டிஸ் லோரீனைப் பார்த்தாள். லோரீன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எதைச் சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்மா" என்றாள். மகள் 'பொய் சொல்லாதே' என்றோ 'சொல்' என்றோ கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நீதிமன்றத்தில் விட்டேக்கரின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். ரொம்பப் பணிவாகப் பேசினான். ஒரே ஒரு கேள்விக்காகத்தான் வந்திருந்தான், அதைக் கடைசியில் கேட்டான்.

"அந்தப் பாதையில போறதுக்கு நீங்க ஸ்ட்ரௌட்கிட்ட எப்பவாவது கேட்டிருக்கீங்களா, மேடம்?"

மெர்ல் பின் பெஞ்சில் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான், இல்லை என்று சொல், இல்லை என்று சொல். ஆர்டிஸுக்கு லோரீனின் கைகள் தெரிந்தன. மடியில் கோத்து வைத்திருந்தாள். சேற்றில் வெடித்து, உப்பு ஏறி, முப்பத்தெட்டு வயதிலேயே கிழவியின் கைகள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாற்பது ஏப்ரல் மாதங்கள் கதவைத் தட்டியவளை, மரியாதை கெட்டவள் என்று அவளே சபையில் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு அதற்கு வளையவில்லை.

"ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கேன். கேக்காம எப்படிப் போறது?"

"நன்றி மேடம். அவ்வளவுதான்."

கோடை முடிவதற்குள் கொலெட் ஃபோன் செய்து தீர்ப்பைச் சொன்னாள். தோற்றாயிற்று. ஒருவரிடம் போய்க் கேட்பதே அது அவருடையது என்று ஒப்புக்கொள்வதுதான் என்று நீதிபதி எழுதியிருந்தாராம். கூடவே, மிஸஸ் கார்வரைப் போல நேர்மையான சாட்சியை நீதிமன்றம் அபூர்வமாகத்தான் பார்க்கிறது என்று ஒரு வரி. அந்தப் புகழ்ச்சியை வைத்துக்கொண்டு ஒரு கூடை மட்டிகூட எடுக்க முடியாது.

இதைவிடக் கேவலம் பின்னால் வந்தது. வழக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த மெர்ல், அதே மாடிப்படி ஏறிக் கொலெட்டிடம் போனான். வடக்கு ஓரத்து நிலம் என்ன ஆகும் என்று கேட்டான். எல்டன் எதிர்த்தாரா என்று அவள் கேட்டாள். "எதிர்த்தாரா? இருபது வருஷத்துக்கு மேல, தெனமும் அம்மா ஆத்தான்னு கத்துவாரு. தெருவுக்கே தெரியும்." கத்தினால் மட்டும் போதாது, கத்திய கையோடு வழக்குப் போட்டுக் காலி செய்திருக்க வேண்டும் என்றாள் கொலெட். எல்டன் கத்திய ஒவ்வொரு கத்தலும் மெர்லுக்குப் பத்திரம் ஆகிவிட்டது. அவனுக்குக் கிடைத்தது வெறும் வழி மட்டும் இல்லை, அந்த வடக்கு ஓரத்து நிலமே. விட்டேக்கர் கோர்ட் வாசலை மிதிக்காமலே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மெர்ல் பீர் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கெட்டவன் இல்லை. வெட்கம் கெட்டவன், அவ்வளவுதான்.

"அண்ணி, அழுது என்ன ஆகப்போவுது? நாளைலேர்ந்து ஆரம்பி. சங்கிலியைத் தாண்டி நட. கேக்காதே. இருபது வருஷம்."

"எனக்கு எண்பத்திரண்டு ஆயிடும்டா."

"நீ பாதி நட, மீதியை லோரீன் நடக்கட்டும். வீடு கைமாறினாலும் வருஷத்தைச் சேத்துத்தான் எண்ணுவாங்களாம். கொலெட்டே சொன்னா. ஒண்ணே ஒண்ணு, அந்தாளு கத்தணும். கத்தினா நமக்கு நல்லது."

"போலீஸைக் கூப்பிட்டா?"

"ஏற்கெனவே கடையில அந்தாளுக்கு ஒருத்தனும் காலை வணக்கம் சொல்றதில்ல. மட்டி தோண்டற கிழவியைப் புடிச்சுக் குடுத்துட்டு இந்த ஊர்ல குளிர்காலத்துக்கு விறகு வாங்கிருவானா?"

ஆர்டிஸ் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கடல் வற்றியது. தாயும் மகளும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினார்கள். சங்கிலியிடம் வந்ததும் ஆர்டிஸின் கால் நின்றுவிட்டது. பயம் இல்லை. கேட்காமல் அந்த இடத்தைத் தாண்டி அந்தக் காலுக்குப் பழக்கமே இல்லை. லோரீன் முதலில் தாண்டினாள், அம்மாவுக்குக் கை கொடுத்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் விட்டேக்கர் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஆர்டிஸின் கை பழக்கதோஷத்தில் ஆட்டுவதற்கு எழுந்தது. கூடைப் பிடியை இறுக்கிப் பிடித்து அதை அடக்கினாள். 'கத்து' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். 'உங்கப்பன் நெலமான்னு கேளு. வாய்க்கு வந்தபடி திட்டு.' வாழ்க்கையில் யாரிடமும் வசவு வாங்கியிராதவள், அன்றைக்கு ஒரு வசவுக்காக ஏங்கினாள்.

விட்டேக்கர் எழுந்தார். கோப்பையை வைத்துவிட்டு ஃபோனை எடுத்து, வீடியோ எடுப்பதற்காக அவர்களை நோக்கிப் பிடித்தார். வக்கீல் பையன் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"குட்மார்னிங் ஆர்டிஸ்! குட்மார்னிங் லோரீன்! தாராளமாப் போயிட்டு வாங்க! ரெண்டு பேருக்கும் என் அனுமதி உண்டு!"

ஆர்டிஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் நாற்பது வருஷம் பை சுட்டாள். இப்போது அதைச் சும்மாவே தூக்கி எறிகிறார்கள், மூஞ்சியில். சங்கிலியையாவது தாண்டலாம். இதை எப்படித் தாண்டுவது? அவள் முதுகு எவ்வளவு நிமிருமோ அவ்வளவு நிமிர்ந்து கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் பார்த்து அப்படிக் கத்தியதில்லை.

"நான் உங்ககிட்டக் கேக்கல!"

"பரவால்ல ஆர்டிஸ்!" என்றார் அவர், மலர்ந்த முகத்தோடு. "நீங்க கேக்கவே வேணாம். கேக்காமலே தர்றேன்!"

"ரொம்ப நன்றி, மிஸ்டர் விட்டேக்கர்!"

சொன்னது லோரீன். கூடையை இடது கைக்கு மாற்றி, வலது கையை உயர்த்தி ஆட்டியும் விட்டாள். ஆட்டிய பிறகுதான், அந்த அனுமதியை வாங்கிக்கொண்டுவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. கை அந்தரத்தில் நின்றது. ஃபோன் இன்னும் அவர்கள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

"அம்மா..." என்றாள். உதடு கோணிக்கொண்டது. "வாய்ல தானா வந்துருச்சும்மா."

ஆர்டிஸ் மகளைத் திட்ட வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். யாராவது ஏதாவது கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும், கையாட்ட வேண்டும் என்று எல்டனின் கதவடியில் பை தட்டோடு நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். "வா, கடல் திரும்பிடும்" என்றாள். இருவரும் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போனார்கள்.